அல்ட்ராமேன் கொன்ற மனிதனும் கல்லறை இல்லாத நம்மவரும்



சூப்பர் ஹீரோ தொடர் ஒன்றின் ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு வரலாற்றுக் கட்டுரை எழுதுவதா என்று சிலர் வியக்கக்கூடும். சிறுவர்கள் பார்க்கும் பொம்மைச் சண்டையில் வரலாறு எங்கே இருக்கிறது என்றும் கேட்கக்கூடும். ஆயினும், 1966ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒளியேறிய 'அல்ட்ராமேன்' தொடரின் 23ஆம் பகுதியைப் பார்த்து முடித்தபோது, காம்பாரில் வாழும் தமிழாசிரியர் எவரும் கடந்து போய்விட முடியாத ஒரு கேள்வி அதில் இருப்பதாக உணர்ந்தேன். பலியானவனின் கல்லறையில் என்ன எழுதுகிறோம், எழுதுவதற்கு முன் அவனை என்ன செய்தோம் என்பதே அக்கேள்வி.

1980ஆம், 1990ஆம் ஆண்டுகளில் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு அல்ட்ராமேனை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வெள்ளியும் சிவப்புமான உடல், முட்டை வடிவக் கண்கள், மார்பில் ஒளிரும் வண்ண விளக்கு. பூமியில் மூன்று நிமிடம் மட்டுமே அவனால் நின்று போரிட முடியும். விளக்கு சிமிட்டத் தொடங்கினால் நேரம் நெருங்கிவிட்டது என்று பொருள். இரு கைகளையும் குறுக்காக வைத்து ஒளிக்கதிரைப் பாய்ச்சுவான். அசுரம் வெடித்துச் சிதறும். பள்ளி இடைவேளையில் கைகளைக் குறுக்கே வைத்து விளையாடாத ஆண்பிள்ளைகள் குறைவு. இன்று மலாய்ப் பெயருடன் 'ரிபுட்' என்னும் அல்ட்ராமேனே இருக்கிறான். 'உப்பின் இப்பின்' கேலிச்சித்திரத்திலும், 2019ஆம் ஆண்டு ஜப்பானியர் வெளியிட்ட இணையத் தொடரிலும் அவன் தோன்றியிருக்கிறான். ஆக, இத்தொடர் நம் மாணவர்களுக்கு அந்நியமானதன்று.

கதைச் சுருக்கம்

23ஆம் பகுதியின் தலைப்பைத் தமிழில் 'என் தாயகம் பூமி' எனலாம். கதையை எழுதியவர் சசாகி மமோரு; இயக்கியவர் ஜிசோஜி அகியோ. அனைத்துலக அமைதி மாநாடு ஒன்று ஜப்பானில் நடக்கவிருக்கிறது. அதில் கலந்துகொள்ள வரும் பேராளர்கள் அடுத்தடுத்துத் தாக்கப்படுகிறார்கள். தாக்குவது எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. அறிவியல் சிறப்புக் காவற்படை துப்புத் துலக்குகிறது. படையின் கண்டுபிடிப்பாளரான இடே என்னும் இளைஞன், மறைந்திருக்கும் விண்கலத்தை வெளிப்படுத்தும் ஒளிக்கருவியைச் செய்கிறான். விண்கலம் வீழ்த்தப்படுகிறது. அதனுள்ளிருந்து கழுத்தே இல்லாத, வறண்டு வெடித்த களிமண் போன்ற தோலுடைய பேருருவம் ஒன்று வெளியே வருகிறது.

அப்பொழுதுதான் பாரிசிலுள்ள தலைமையகத்திலிருந்து வந்திருக்கும் அதிகாரி உண்மையைச் சொல்கிறார். அது அசுரம் அன்று, மனிதன். பெயர் ஜமீலா. வல்லரசுகள் போட்டி போட்டுக்கொண்டு விண்வெளிக்கு மனிதர்களை அனுப்பிய காலத்தில் அனுப்பப்பட்ட விண்வெளி வீரன். கலம் வழிதவறி, நீரும் காற்றும் இல்லாத ஒரு கோளில் சிக்கிக்கொண்டது. அனுப்பிய நாடு தன் தோல்வி வெளியே தெரியக்கூடாதென்று செய்தியை மறைத்துவிட்டது. மீட்க எவரும் போகவில்லை. அவன் சாகவில்லை, அச்சூழலுக்கேற்ப உடல் மாறி, உருக்குலைந்து, உயிரோடு இருந்தான். கலத்தைத் தானே பழுதுபார்த்துக்கொண்டு, தன்னைக் கைவிட்டவர்களைத் தேடி இப்பொழுது திரும்பி வந்திருக்கிறான்.

தலைமையகத்தின் கட்டளை இரண்டு பகுதிகள் கொண்டது. ஜமீலா யார் என்பதை உலகுக்கு வெளியிடக்கூடாது. அவனை ஓர் அசுரமாகவே கருதி அழித்துவிட வேண்டும். இதைக் கேட்டதும் இடே போரிட மறுக்கிறான். நாளை நமக்கும் இதே கதி நேரலாமே என்கிறான். ஜமீலா சிற்றூர் ஒன்றைத் தீக்கிரையாக்கும்போது அதே இடே, மனிதனாய் இருந்த உன் நெஞ்சமும் செத்துவிட்டதா என்று அவனை நோக்கிக் கதறுகிறான். அசுர உருவம் ஒரு கணம் தயங்கி நிற்கிறது. அந்தத் தயக்கமே இப்பகுதியின் உச்சம் என்பேன்.

நெருப்பு ஜமீலாவை ஒன்றும் செய்யாது. நீர் இல்லாத கோளில் வாழ்ந்து பழகிய உடலுக்கு நீர்தான் நஞ்சு. செயற்கை மழை பொழியச் செய்கிறார்கள். இறுதியில் அல்ட்ராமேன் வந்து தன் கைகளிலிருந்து நீரைப் பீய்ச்சுகிறான். வழக்கமான வெடிப்பு இல்லை. வெற்றி முழக்கம் இல்லை. சேற்றில் புரண்டு, குழந்தையின் அழுகையை ஒத்த ஓலத்துடன், மாநாட்டு அரங்கின் முன் பறந்த நாடுகளின் கொடிகளுக்கிடையே தவழ்ந்து ஜமீலா உயிர் விடுகிறான். பின்னர் அவனுக்குக் கல்லறை எழுப்பப்படுகிறது. மனிதகுல இலட்சியத்திற்கும் அறிவியல் முன்னேற்றத்திற்கும் தன்னை ஈந்த வீரன் என்று பிரெஞ்சு மொழியில் அதில் பொறிக்கிறார்கள். மற்றவர்கள் திரும்பிச் செல்ல, இடே மட்டும் அங்கேயே நிற்கிறான். பலியானவர்களுக்கு எப்பொழுதும் இதே கதைதான், சொற்கள் மட்டும் அழகாக இருக்கின்றன என்ற பொருளில் அவன் முணுமுணுப்பதோடு பகுதி நிறைவுறுகிறது.

அரை மணி நேரச் சிறுவர் நிகழ்ச்சி இது. ஜப்பானியப் பிள்ளைகள் சட்டையைத் தலைக்குமேல் இழுத்து, கழுத்தில்லாத ஜமீலாவைப் போல் நடந்து விளையாடுவது வழக்கமாயிற்று. வேடிக்கைக்காகத்தான் விளையாடினார்கள். ஆனால், ஆண்டுகள் பல கடந்தும் அத்தலைமுறையினர் மறவாத பகுதிகளுள் இது ஒன்றாக நிலைத்துவிட்டது.

பெயரில் ஒளிந்திருக்கும் வரலாறு

ஜமீலா என்பது ஜப்பானியப் பெயரன்று, அரபுப் பெயர். 1960ஆம் ஆண்டு, பிரான்சிடமிருந்து விடுதலை கேட்டுப் போராடிய அல்ஜீரியாவில் ஜமீலா பூப்பாஷா என்ற இளம்பெண் பிரெஞ்சுப் படையினரால் கைது செய்யப்பட்டுக் கொடிய சித்திரவதைக்கு ஆளானார். எழுத்தாளர் சிமோன் தெ பொவாரும் வழக்கறிஞர் ஜிசேல் ஹலிமியும் அவருக்காகக் குரல் கொடுத்தனர். உலகமே அப்பெயரை அறிந்தது. அல்ட்ராமேனின் ஜமீலாவுக்குப் பெயர் அங்கிருந்தே வந்தது என்பர். தலைமையகம் பாரிசில் இருப்பதையும், கல்லறை வாசகம் பிரெஞ்சில் இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால் அக்கூற்று பொருந்தவே செய்கிறது. நாகரிகத்தின் பேரால் ஒடுக்கியவர்கள், அதே நாகரிகத்தின் மொழியில் இரங்கற்பா எழுதுகிறார்கள்.

இவ்வளவு துணிவாகக் கதை சொன்னவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். இருப்பினும், வரலாறு கற்பிக்கும் ஆசிரியன் அத்துடன் நின்றுவிட முடியாது. அக்கதையைச் சொன்ன நாடு எது, அந்நாட்டின் கைகளில் அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன் இருந்தது என்ன என்றும் கேட்டாக வேண்டும்.

அல்ட்ராமேனின் தந்தையும் மலாயாக் கடலும்

அல்ட்ராமேனை உருவாக்கிய நிறுவனத்தின் தலைவர் சுபுராயா எய்ஜி. 1901இல் பிறந்து 1970இல் மறைந்தவர். 1954இல் வெளிவந்த 'காட்சில்லா' படத்தின் தந்திரக் காட்சிகளை அமைத்தவர் இவரே. சிறிய பொம்மைக் கட்டடங்களைக் கட்டி, அவற்றைப் பெருநகரம் போல் திரையில் காட்டி நொறுக்கும் கலையில் அவருக்கு இணை இல்லை.

அக்கலையை அவர் பெரிய அளவில் பயின்ற படங்களுள் ஒன்று 1942ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியானது. 'ஹவாய் மலாயாக் கடற்போர்' என்பது அதன் பெயர். பசிபிக் போர் தொடங்கிய முதலாண்டு நிறைவையொட்டி, ஜப்பானியக் கடற்படையின் ஆதரவில் தோஹோ நிறுவனம் எடுத்த போர்ப் பரப்புரைப் படம் அது. பேர்ல் துறைமுகத் தாக்குதலையும், 1941 டிசம்பர் 10ஆம் நாள் நம் குவாந்தான் கடற்பகுதியில் பிரிட்டனின் 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' ஆகிய இரு போர்க்கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டதையும் சுபுராயா மாதிரி உருவங்களைக் கொண்டு திரையில் மீண்டும் நிகழ்த்திக் காட்டினார். அவ்விரு கப்பல்களில் மாண்டோர் ஏறத்தாழ 840 பேர். போர் முடிந்த பின், நேசநாட்டு ஆட்சியாளர்கள் போர்க்காலப் பரப்புரையில் பங்கு கொண்டவர்களைப் பொறுப்புகளிலிருந்து நீக்கினர். சுபுராயாவும் 1948இல் தோஹோவிலிருந்து விலக நேர்ந்தது.

அக்கப்பல்கள் மூழ்கிய மூன்றே வாரத்தில் போர் நம் காம்பாருக்கு வந்துவிட்டது. 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை, புஜாங் மலாக்கா மலையடிவாரத்துக் குன்றுகளில் கடும் சண்டை நடந்தது. ஈயச் சுரங்கங்களால் வெட்டவெளியாகிக் கிடந்த நிலம் பிரிட்டிஷ் பீரங்கிகளுக்கு நல்ல பார்வையைக் கொடுத்தது. லெஸ்டர்ஷியர், கிழக்கு சர்ரே ஆகிய இரு படைப்பிரிவுகளின் எஞ்சிய வீரர்களைச் சேர்த்து அமைத்த 'பிரிட்டிஷ் பட்டாளம்' அங்கே நின்றது. பஞ்சாப் படைப்பிரிவின் சீக்கிய வீரர்கள் கேப்டன் கிரஹாம் தலைமையில் துப்பாக்கி முனைக் கத்திகளுடன் பாய்ந்து, இழந்த அகழிகளை மீட்டனர். மேற்குக் கடற்கரையில் ஜப்பானியர் தரையிறங்கிப் பின்பக்கம் வளைக்க முற்பட்டதால், ஜனவரி 2ஆம் நாள் இரவு படை பின்வாங்கியது. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது.

இவ்வளவும் எழுத்தில் இருக்கிறது என்றால், அதில் காம்பாரின் ஓய்வுபெற்ற ஆசிரியர் சை கூய் லூங் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. பிரிட்டிஷ் பட்டாளத்தின் வரலாற்றை நூலாக எழுதியவர் அவர். போர் நடந்த பசுமைக் குன்றைப் பாதுகாக்க வேண்டுமென்று தொடர்ந்து குரல் கொடுத்தவரும் அவரே. ஓர் ஊரின் வரலாற்றைக் காப்பதற்குப் பல்கலைக்கழகப் பட்டங்கள் தேவையில்லை, கேட்டு எழுதும் பொறுமை போதும் என்பதற்கு அவர் நல்ல சான்று.

மலாயா ஈன்ற இன்னொரு வீரநாயகன்

அல்ட்ராமேனுக்கு முன்பே ஜப்பானியத் தொலைக்காட்சிக்கு மலாயா ஒரு வீரநாயகனைக் கொடுத்திருக்கிறது என்ற செய்தி நம்மில் பலர் அறியாதது. 1960ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கி 1961 வரை ஒளியேறிய 'கைகெட்சு ஹரிமாவ்' என்னும் தொடர் அது. ஹரிமாவ் என்பது நம் மலாய்ச் சொல்லே. புலி என்று பொருள். வெள்ளைத் தலைப்பாகையும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து, தென்கிழக்காசிய நாடுகளில் ஏழைகளைக் கொடியவர்களிடமிருந்து காப்பாற்றும் நாயகன் அவன்.

இக்கற்பனை நாயகனின் பின்னால் தானி யுத்தாகா என்ற உண்மை மனிதர் இருந்தார். 1911இல் பிறந்து, கோலதிரங்கானுவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த குடும்பத்தில் வளர்ந்தவர். 1933இல் அவருடைய தங்கை கலகக் கும்பல் ஒன்றால் கொல்லப்பட, பின்னர் கொள்ளைக் கூட்டத் தலைவனானார். போர் நெருங்கியபோது மேஜர் புஜிவாராவின் உளவு அமைப்பு அவரைச் சேர்த்துக்கொண்டது. பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து பிடிபட்ட கேப்டன் மோகன் சிங்கைச் சந்தித்து, இந்தியத் தேசிய இராணுவத்தின் முதற்கட்டத்திற்கு வழிவகுத்ததும் அதே அமைப்புதான். தானி 1942 மார்ச்சில் மலேரியாக் காய்ச்சலால் சிங்கப்பூரில் இறந்தார். மறு ஆண்டே ஜப்பானியர் அவரைப் பற்றி 'மலாயாவின் புலி' என்று படமெடுத்தனர். உளவாளி பரப்புரைப் பட நாயகன் ஆனார். பரப்புரைப் பட நாயகன் 17 ஆண்டுகள் கழித்துப் பிள்ளைகளின் சூப்பர் ஹீரோவானான்.

ஒரு நாடு தன் போரை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதை இவ்வரிசை காட்டுகிறது. தென்கிழக்காசிய மக்களைக் காப்பாற்றப் போனோம் என்ற கதை 1960இல் இன்னும் இனிமையாக ஒலித்தது. காப்பாற்றப்பட்டதாகச் சொல்லப்பட்ட அம்மக்களுள் நம் தோட்டப்புறத் தமிழர்களும் அடங்குவர். அவர்களுக்கு உண்மையில் நேர்ந்தது என்ன?

சயாமுக்குப் போனவர்கள்

ஜப்பான்காரன் காலத்தில் இரப்பர் விலைபோகவில்லை. கப்பல் இல்லை, வாங்குவோர் இல்லை. பால்மரம் வெட்டும் வேலை நின்றது. அரிசி அரிதாகி, மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. வாழைமரப் படம் போட்ட ஜப்பானியத் தாள்களுக்கு நாளுக்கு நாள் மதிப்புக் குறைந்தது. இந்த வறுமைதான் ஆள்பிடிப்பவர்களுக்கு வாய்ப்பாக அமைந்தது.

சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளத்துக்கு இரயில் பாதை போட வேண்டும். 1942 நடுப்பகுதியில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. தொடக்கத்தில் நல்ல கூலி, உணவு, சில மாதங்களே வேலை என்று சொல்லித் தோட்டங்களில் ஆள் திரட்டினர். ஆள் போதாதபோது வற்புறுத்தலும் வஞ்சகமும் தொடர்ந்தன. இலவசமாகப் படம் காட்டுவதாக அழைத்து, கொட்டகையின் கதவுகளை அடைத்து, அப்படியே இரயிலில் ஏற்றினார்கள் என்று தப்பி வந்தோர் கூறியிருக்கிறார்கள். தெற்கிலிருந்து ஆள் ஏற்றிய வண்டிகள் கோலாலம்பூர், ஈப்போ வழியாக வடக்கே போயின. காம்பார் நிலையமும் அதே இருப்புப் பாதையில்தான் இருக்கிறது. நம் ஊரைக் கடந்து போன அந்தச் சரக்குப் பெட்டிகளுக்குள் இருந்தவர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

பாதை அமைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல்; அவர்களில் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களோ அதைப் போல் மும்மடங்கு அல்லது அதனினும் கூடுதல். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். மலாயாவினரில் ஏறத்தாழ 30,000 பேர் இறந்ததாகப் போருக்குப் பிந்திய பிரிட்டிஷ் கணக்கு காட்டுகிறது. காட்டுக்குள் ஓடி மறைந்தவர்கள் பலர் என்பதால் உண்மை எண்ணிக்கை இன்னும் மிகுதி என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஏன் இவ்வளவு பேர் இறந்தார்கள்? காலரா, மலேரியா, வயிற்றுக்கடுப்பு, புண்கள், பட்டினி ஆகியவை எல்லாருக்கும் பொதுவே. போர்க்கைதிகளிடம் தங்களுக்கென்று அதிகாரிகள் இருந்தனர். படை மருத்துவர்கள் இருந்தனர். நீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும், கழிவிடத்தைத் தள்ளி அமைக்க வேண்டும் என்ற ஒழுங்கு இருந்தது. இறந்தவனின் பெயரைக் குறித்து வைக்கும் வழக்கமும் இருந்தது. தோட்டத்திலிருந்து போனவனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. 1943இல் வேலையை விரைவுபடுத்தியபோது மழைக்காலமும் காலராவும் சேர்ந்தே வந்தன. கூடாரம் கூடாரமாக மக்கள் மடிந்தனர்.

பாதையை முடிக்க வேண்டும், வேலையாள் எண்ணிக்கை குறையக்கூடாது என்பதே கட்டளை. எண்ணிக்கைதான் முக்கியம்; பெயர் முக்கியமன்று. ஜமீலாவைப் பற்றிய பாரிசுக் கட்டளையை மீண்டும் நினைத்துப் பாருங்கள். யார் என்று சொல்லாதே. அசுரம் என்று கணக்கெழுது. கற்பனையில் ஒருவனுக்கு நடந்தது, நம் இனத்தில் பல்லாயிரம் பேருக்கு உண்மையில் நடந்திருக்கிறது.

கற்பனைக்கு அழுவது எளிது

இங்கேதான் 23ஆம் பகுதியைப் பற்றிய என் மதிப்பீட்டைச் சொல்ல வேண்டும். இது சிறந்த படைப்பு என்பதில் ஐயமில்லை. ஜிசோஜியின் கேமரா வழக்கமான கோணங்களில் நிற்பதில்லை. முகங்களை மிக நெருங்கியும் இருளில் பாதி மறைத்தும் காட்டி, நடப்பது சரியில்லை என்ற உணர்வைப் பார்ப்பவனுக்குள் ஏற்றிவிடுகிறது. பெயரளவு நாயகனான அல்ட்ராமேனைவிட, கேள்வி கேட்கும் இடேயே இதன் உண்மை நாயகன். தொடரின் முதன்மை எழுத்தாளர் கிஞ்ஜோ தெட்சுவோ, 1945இல் போரின் கொடுமையை நேரில் கண்ட ஒக்கினாவாத் தீவைச் சேர்ந்தவர். போரின் சுமையை உணர்ந்த தலைமுறை இத்தொடரை உருவாக்கியது என்பதை மறுக்க முடியாது.

ஆயினும், குற்றம் செய்த நாட்டின் பெயர் இக்கதையில் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. குறிப்புகள் யாவும் தொலைவிலுள்ள ஐரோப்பாவை நோக்கியே கைகாட்டுகின்றன. தன் நாடு காட்டில் விட்டுவந்த ஜமீலாக்களைப் பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை. 1966ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானியக் குழந்தைகள் ஜமீலாவுக்காகக் கண்கலங்கிய வேளையில், நம் நாட்டில் போர்க்காலக் கொடுமைகளுக்கு இழப்பீடு வேண்டும் என்ற கோரிக்கை முடிவின்றி நீண்டுகொண்டிருந்தது. மறு ஆண்டு, 1967 செப்டம்பரில், மலேசியாவுக்கு 2 கோடியே 50 இலட்சம் வெள்ளி மதிப்புள்ள பொருளும் சேவையும் வழங்க ஜப்பான் உடன்பட்டது. அரசுக்கும் அரசுக்கும் இடையே கணக்கு முடிந்தது. சயாமில் கணவனை இழந்த தோட்டத்துப் பெண்ணின் கைக்கு அதில் எதுவும் வரவில்லை.

ஜப்பானை மட்டும் குறை சொல்வதும் நேர்மையாகாது. 1957இல் வெளிவந்து ஏழு ஆஸ்கார் விருதுகளை வென்ற 'குவாய் ஆற்றுப் பாலம்' படம் இதே இரயில் பாதையைப் பற்றியதுதான். படப்பிடிப்பு நடந்தது இலங்கையில். ஆனால், பாதையில் மிகுதியாக மாண்ட ஆசியத் தொழிலாளி அக்கதையின் மையத்தில் எங்கும் இல்லை. வென்றவர்களின் திரையிலும் நமக்கு இடமில்லை. தோற்றவர்களின் திரையிலும் இடமில்லை.

கல்லும் நீரும்

காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. புல் கத்தரிக்கப்பட்டு, ஒவ்வொரு கல்லிலும் பெயர், வயது, படைப்பிரிவு பொறிக்கப்பட்டுள்ளன. நம்மவர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஜமீலாவுக்காவது பொய்யான புகழ்மொழியுடன் ஒரு கல் கிடைத்தது. நம்மவருக்குப் பொய்யெழுதக்கூட எவரும் கல் நடவில்லை.

பழந்தமிழரோ வீழ்ந்துபட்ட வீரனுக்குக் கல் நடுவதை இலக்கணமாகவே வகுத்தவர்கள். கல்லைத் தேர்ந்து காணல், கொணர்தல், நீராட்டல், நடுதல், படையலிடல், வாழ்த்தல் என்ற ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் கூறுகிறது. அவற்றுள் மூன்றாவது 'நீர்ப்படை'. கல்லை நீராட்டிய பின்னரே நடுவர். ஜமீலாவின் கதையில் நீர் கொல்லும் கருவி. நம் மரபில் அது மாண்டவனைப் பெருமைப்படுத்தும் முதற்படி.

அம்மரபு நீண்ட காலங்கழித்து சயாம் மண்ணிலும் நிறைவேறியது. 2023ஆம் ஆண்டு, மலேசியத் தமிழர்களின் முயற்சியால், காஞ்சனபுரியிலுள்ள வாட் தாவோர்ன் வராராம் என்னும் பௌத்தக் கோயிலில் மரண இரயில் பாதையில் மாண்டவர்களுக்காக நடுகல் எழுப்பப்பட்டது. 80 ஆண்டுகள் ஆயின. காலந்தாழ்ந்ததேனும் கல் நடப்பட்டது.

கல் வருவதற்கு முன்பே சொல்லால் நினைவு எழுப்பியவர்கள் நம் எழுத்தாளர்கள். ஆர். சண்முகம் 1993இல் 'சயாம் மரண ரயில்' நாவலைத் தந்தார். அ. ரெங்கசாமி 2005இல் 'நினைவுச் சின்னம்' நாவலைத் தந்தார். தலைப்பே அதன் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது. கல் இல்லாதவர்களுக்கு நூலே நினைவுச் சின்னமாக நின்றது.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

2014 முதல் தொடக்கப்பள்ளியின் நான்காம் ஆண்டிலிருந்து வரலாறு கட்டாயப் பாடமாக இருந்து வருகிறது. ஜப்பானிய ஆட்சி என்றதும் மிதிவண்டிப் படை, வாழைமரத் தாள், மரவள்ளிக்கிழங்கு என்று மாணவர்கள் ஒப்பிப்பார்கள். தேர்வுக்கு அது போதும். ஆனால், மனத்தில் அதிக நாள் தங்காது.

படிநிலை இரண்டு மாணவர்களுக்கு இந்த 23ஆம் பகுதியைக் காட்டிவிட்டு மூன்று கேள்விகள் கேட்கலாம். ஜமீலாவை அசுரமாக்கியது எது? அவனுடைய கல்லறையில் எழுதியிருப்பது உண்மையா? நீ எழுதுவதாக இருந்தால் என்ன எழுதுவாய்? மூன்றாம் கேள்விக்கு மாணவன் சொல்லத் தொடங்கும்போதே அவன் வரலாற்றாசிரியன் ஆகிவிடுகிறான். அதன்பின் சயாமைப் பற்றிச் சொல்லுங்கள். புள்ளிவிவரத்திற்குப் பதிலாக மனிதர்களை நினைத்துக் கேட்பார்கள்.

அடுத்த வேலை வீட்டுக்குரியது. சயாமுக்குப் போய் வந்தவர்கள் இன்று நம்மிடையே இல்லையென்றே சொல்லலாம். ஆனால், போனவரைப் பற்றி அப்பாவோ அம்மாவோ சொல்லக் கேட்ட தாத்தாக்களும் பாட்டிகளும் இருக்கிறார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டுச் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்ட நிலையில், ஒரு தோட்டத்தார் பல ஊர்களுக்குச் சிதறிவிட்டார்கள். அவர்கள் நினைவில் இருக்கும் பெயர், தோட்டம், போன ஆண்டு, திரும்பினாரா இல்லையா என்ற நான்கே செய்திகளை ஒரு மாணவன் ஒரு தாளில் எழுதி வந்தால் போதும். பத்து மாணவர்கள் எழுதினால் பத்துப் பெயர்கள். ஒவ்வொரு பெயரும் ஒரு நடுகல்.

மூன்று நிமிடத்தில் அசுரத்தை வீழ்த்திவிட்டு வானில் மறைபவன் பிள்ளைகளின் நாயகனாக இருக்கட்டும், அதில் தவறில்லை. எல்லாரும் போன பின்னும் கல்லறை முன் நின்று, எழுதியிருப்பதைப் படித்து, இது உண்மையா என்று கேட்ட இடேயையும் அவர்களுக்கு அறிமுகப்படுத்துவோம். அப்படிக் கேட்கும் பிள்ளைகள் ஒரு வகுப்பில் இருவர் உருவானாலும் சயாமுக்குப் போனவர்கள் பெயரில்லாமல் போகமாட்டார்கள்.

பெயர்களை எழுதத் தொடங்குவோம்.